மும்பையின் புகைக் கணக்கு: யார் தலையில் எத்தனை டன்?

அணுசக்தி நகர்: வீட்டு வரி எவ்வளவு வசூலானது, எத்தனை மைல் ரோடு போட்டோம், குப்பை லாரி எத்தனை நடை போய் வந்தது என்றெல்லாம் கணக்கு வைப்பது மாநகராட்சிகளுக்குப் பழைய வேலை. மும்பை மாநகராட்சி சில ஆண்டுகளாகப் புதிதாக ஒரு கணக்கும் வைத்து வருகிறது. இந்த நகரம் ஓர் ஆண்டில் எத்தனை டன் கரியமில வாயுவை வானத்துக்கு அனுப்புகிறது என்பதே அது.

கணக்கின் தொகை இதுதான். 2019-ஆம் ஆண்டில் மும்பை வெளியிட்ட வெப்பவாயுக்கள் 2 கோடியே 34 லட்சத்து 20 ஆயிரம் டன். தலைக்கு 1.8 டன். இதில் மின்சாரமும் எரிபொருளும் சேர்ந்த இனத்தில் 72 சதவீதம், போக்குவரத்தில் 20 சதவீதம், குப்பையிலும் கழிவிலும் 8 சதவீதம். 2030-க்குள் இதில் 30 சதவீதத்தையும், 2040-க்குள் 44 சதவீதத்தையும் குறைத்து, 2050-ல் நிகரத்தில் பூஜ்யம் என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பது மாநகராட்சியின் திட்டம். நாடு முழுவதற்கும் மத்திய அரசு வைத்திருக்கும் கெடு 2070. அதற்கு இருபது ஆண்டு முன்னதாகவே மும்பை தன் கெடுவை வைத்துக்கொண்டது.

இந்தத் திட்டத்தை 2022 மார்ச் 13-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் உத்தவ் தாக்கரேயும், அவருடைய மகனும் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சருமான ஆதித்ய தாக்கரேயும் வெளியிட்டார்கள். உலகப் பெருநகரங்களின் கூட்டமைப்பான சி-40-ல் மும்பை 2020 டிசம்பரில் சேர்ந்ததையொட்டி எழுந்த வேலை இது. வோர்ல்டு ரிசோர்சஸ் இன்ஸ்டிடியூட்டின் இந்தியக் கிளை கணக்கெடுப்பில் உதவியது. இந்தியாவில் இவ்வளவு விரிவாக இப்படி ஒரு திட்டம் போட்ட மாநகராட்சிகளில் மும்பை முந்தியது என்று சொல்வதில் தவறில்லை. சென்னை மாநகராட்சி அடுத்த ஆண்டு, 2023-ல், தன் திட்டத்தை வெளியிட்டது. அதன்படி சென்னையின் தொகை 2018-19-ல் 1 கோடியே 43 லட்சத்து 80 ஆயிரம் டன், தலைக்கு 1.9 டன்.

தேதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மும்பை கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது 2022 மார்ச் 7-ஆம் தேதி. திட்டம் வெளிவந்தது ஆறு நாள் கழித்து. அதன் பிறகு தேர்தல் 2026 ஜனவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு ஆண்டுகளும் கமிஷனரே நிர்வாகி. இவ்வளவு பெரிய வாக்குறுதியை ஊருக்குக் கொடுத்துவிட்டு, அது எந்த மட்டில் இருக்கிறது என்று சபையில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாமலே அதன் முதல் பகுதி ஓடி முடிந்துவிட்டது.

புகையை எப்படி எடை போடுவது?

வாயுவைத் தராசில் வைக்க முடியாது. ஆகவே கணக்கர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். எரித்ததை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணகத்தால் பெருக்குவதுதான் அது. கூப்பன் கணக்கு பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

இந்திய மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 2.3 கிலோ, டீசலுக்கு 2.7 கிலோ. 14.2 கிலோ எடையுள்ள சமையல் வாயு சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 42 கிலோ. மின்சாரக் கம்பெனிகளிடமிருந்து யூனிட்டுகள், எண்ணெய்க் கம்பெனிகளிடமிருந்து விற்பனை லிட்டர்கள், மகாநகர் கேஸிடமிருந்து குழாய் வாயு, குப்பைத் துறையின் எடைமேடையிலிருந்து டன்கள் என்று எல்லாவற்றையும் வாங்கிப் பெருக்கிக் கூட்டினால் நகரத்தின் தொகை வந்துவிடும். 2014-ல் சி-40-ம் மற்ற இரு உலக அமைப்புகளும் சேர்ந்து வகுத்த பொதுமுறை இது. மும்பையும் சென்னையும் இன்னும் நூற்றுக்கணக்கான நகரங்களும் இதைத்தான் பின்பற்றுகின்றன.

பெருக்கல் சுலபம். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் இதே 2019-ஆம் ஆண்டுக்கு முதற்கட்டமாகச் சொல்லப்பட்ட தொகை 3 கோடியே 43 லட்சம் டன். ஏழு மாதம் கழித்துத் திட்டம் அச்சில் வந்தபோது அது 2 கோடியே 34 லட்சமாகியிருந்தது. ஒரே ஊர், ஒரே ஆண்டு. ஒரு கோடி டன்னுக்கு மேல் வித்தியாசம். இதில் மோசடி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. எல்லையை எங்கே போடுகிறோம், எந்தக் குணகத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இத்தகைய கணக்குகள் இப்படித்தான் ஏறி இறங்கும். ஆனால் 2030-ல் "30 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று ஓர் அறிவிப்பு வருமானால், எந்தத் தொகையிலிருந்து, எந்த முறையில் என்று கேட்காமல் கைதட்டக் கூடாது.

டிராம்பேயின் புகைபோக்கிகள்

அணுசக்தி நகர் குடியிருப்பின் மாடிகளிலிருந்து பார்த்தால் டிராம்பே, மாகுல் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். டாடா மின்நிலையம், இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை. மும்பையின் புகைக் கணக்கில் இவை முதல் பக்கத்தில் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நிலைமை அப்படியில்லை.

டாடாவின் டிராம்பே நிலையத்தில் நிலக்கரியில் ஓடும் யூனிட்டுகள் இரண்டு: 1984-ல் வந்த 500 மெகாவாட்டும், 2009-ல் வந்த 250 மெகாவாட்டும். இயற்கை வாயுவில் ஓடுவது 180 மெகாவாட். தொகுப்புக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையத்தின் புகையை உலகப் பொதுமுறையின்படி தனியே எழுதிக் காட்ட வேண்டும். ஆனால் நகரத்தின் கூட்டுத்தொகையில் சேர்க்கக் கூடாது. காரணம், அந்த மின்சாரத்தைச் செலவழித்த வீட்டின் பெயரிலும் கடையின் பெயரிலும் அது ஏற்கெனவே பற்று எழுதப்பட்டுவிட்டது. இரண்டு இடத்திலும் எழுதினால் ஒரே சரக்குக்கு இரண்டு ரசீது போட்டதாகும். கணக்குமுறையில் இது சரியே. ஆயினும் மாகுலில் குடியிருப்பவனுடைய மூக்குக்குக் கணக்குமுறை தெரியாது.

உரத் தொழிற்சாலையின் கதை வேறு. இயற்கை வாயுவைப் பிரித்து அம்மோனியா தயாரிக்கும்போது அந்த வினையிலேயே கரியமில வாயு வெளிவருகிறது. இது எரிப்பதால் வருவதன்று, செய்முறையால் வருவது. பொதுமுறையில் இதற்குத் தனி இனம் உண்டு. ஆனால் அடிப்படை மட்டத்தில் கணக்கு வைக்கும் நகரம் அதை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மும்பைக் கணக்கின் மூன்று இனங்களையும் கூட்டிப் பாருங்கள்: 72-ம் 20-ம் 8-ம் சேர்ந்து 100. நாலாவது இனத்துக்கு அங்கே இடமே இல்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாகுலில் நாறும் வாயுக்கள் வேறு; வானத்தைச் சூடாக்கும் வாயுக்கள் வேறு. அம்பாபாடா, மாகுல் மக்களின் வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஆகஸ்டில் நான்கு கம்பெனிகளுக்குச் சேர்த்து 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து கசியும் ஆவிகளுக்காக வந்த தீர்ப்பு அது. கரியமில வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் அதன் பேரில் மோர்ச்சா போவதற்கு ஆள் சேர்வதில்லை.

நூற்றுக்கு எழுபத்திரண்டு யார் கையில்?

மாநகராட்சியின் பெரிய சங்கடம் இங்கேதான் இருக்கிறது. 72 சதவீதம் எரிசக்தியில் என்றால் அதில் பெரும்பகுதி மின்சாரம். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரி. மாநகராட்சிக்குச் சொந்தமான மின்விநியோகம் 'பெஸ்ட்' மட்டுமே. அதன் எல்லை கொலாபாவிலிருந்து மாஹிமும் சயானும் வரை. செம்பூரிலும் கோவண்டியிலும் விளக்கு எரிய வைப்பவர்கள் அதானியும் டாடாவும். எந்த நிலையத்திலிருந்து என்ன விலைக்கு வாங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நிலக்கரியைப் பற்றித் தீர்மானிப்பது டில்லி. ஆக, வாக்குக் கொடுத்தவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் இன்னொருவர்.

நகரத்துக்குள்ளேயே மின்நிலையம் இருக்கட்டும் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. 2020 அக்டோபர் 12 காலையில் மும்பை இருண்டதையும், லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றதையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பிகளுக்கு ஓர் அளவுக்கு மேல் தாங்கும் சக்தி இல்லை என்பது அன்று தெருவுக்கு வந்தது. அதன் பின்னரே பல ஆண்டுகளாக இழுபறியில் கிடந்த கார்கர்–விக்ரோலி 400 கிலோவோல்ட் பாதை வேகம் பிடித்து 2023 அக்டோபரில் முடிந்தது. மராத்வாடாவிலும் ராஜஸ்தானிலும் காற்றிலும் வெயிலிலும் விளையும் மின்சாரம் மும்பைக்கு வர வேண்டுமானால் இப்படிப்பட்ட பாதைகள் இன்னும் வேண்டும். ஒரு மாநகராட்சியின் புகைக் கணக்கு, அதன் எல்லைக்கு வெளியே ஓடும் மின்கம்பியில் தொங்குகிறது என்பது விசித்திரமாகப் படலாம். ஆனால் நிலைமை அதுதான்.

அணுசக்தி நகரில் இருப்பவர்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: தாராப்பூர் 1969-லிருந்து புகையில்லாத மின்சாரம் தந்து வருகிறதே, அதைப் பெருக்கக் கூடாதா? கேட்க வேண்டிய கேள்விதான். கரியமில வாயுவின் கணக்கில் அணுமின்சாரம் காற்றாலைக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. ஆனால் ஓர் அணு உலைக்கு அடிக்கல் நாட்டி அது மின்சாரம் தரும் வரை பத்தாண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. மும்பையின் முதல் கெடுவோ 2030. அந்தக் கெடுவுக்கு அது கைகொடுக்காது.

சராசரி என்னும் திரை

தலைக்கு 1.8 டன் என்கிறார்கள். யாருடைய தலை?

அணுசக்தி நகருக்கு அடுத்தாற்போல் இருப்பது சீத்தா கேம்ப். நம்மவர்கள் ஏராளமாக வாழும் இடம். இவர்களில் பெரியவர்கள் முன்பு மான்குர்டு ஜனதா காலனியில் இருந்தவர்கள். அந்த நிலம் அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்கு வேண்டும் என்று நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், குடிசைகளைப் பிரித்து அவர்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஐம்பதாண்டு கடந்துவிட்டது. ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் மரங்கள் அடர்ந்த குடியிருப்பு. அந்தப் பக்கம் பத்தடிக்குப் பத்தடி அறைகள். இரண்டும் ஒரே சட்டசபைத் தொகுதி, ஒரே வார்டு அலுவலகம், ஒரே சராசரி.

சீத்தா கேம்ப்பில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மின்விசிறி, ஒரு குளிர்பெட்டி, ஒரு தொலைக்காட்சி. மாதம் 150 யூனிட் என்று தாராளமாகவே வைப்போம். ஆண்டுக்கு 1,800 யூனிட். அதாவது 1,260 கிலோ. சிலிண்டர் ஆண்டுக்கு 9 என்றால் 378 கிலோ. ஆக 1,640 கிலோ சொச்சம். ஐந்தால் வகுத்தால் தலைக்கு 330 கிலோ கூட இல்லை. லோக்கலிலும் பஸ்ஸிலும் போய்வருவதையும், குப்பையையும் சேர்த்தாலும் அரை டன்னைத் தாண்டுவது கஷ்டம்.

இப்போது ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒன்றரை யூனிட், இரவு எட்டு மணி நேரம். மாதத்துக்கு 360 யூனிட், 252 கிலோ. ஒரு படுக்கையறையின் குளிர் ஆறரை மாதத்தில் அந்தக் குடும்பத்தின் ஓராண்டுக் கணக்கைத் தாண்டிவிடுகிறது. 1.8 டன் என்ற சராசரி இதையெல்லாம் போர்த்தி மூடிவிடுகிறது. நரிமன் பாயிண்டின் கண்ணாடிக் கட்டடமும் 90 அடி ரோட்டின் இட்லிக் கடையும் அந்தப் போர்வைக்குள் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. வார்டு வாரியாக இந்தக் கணக்கை அச்சிட்டால் யார் எவ்வளவு என்பது வெட்டவெளிச்சமாகும். யூனிட் விற்பனை விவரம் கம்பெனிகளிடம் இருக்கிறது. செய்ய முடியாத வேலையல்ல.

வரிசையில் முதலில் மாட்டுபவர் எப்போதும் சின்னவர்தான் என்பதற்கு உதாரணமும் உண்டு. விறகு அடுப்பு பேக்கரிகளும் நிலக்கரித் தந்தூர்களும் ஆறு மாதத்துக்குள் வாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. ஜூலை வந்ததும் மாநகராட்சி நோட்டீஸ்களோடு இறங்கியது. காற்றின் சுத்தத்துக்கு அது தேவையே. ஆனால் பாவ் சுடுகிறவனுக்கு ஆறு மாதக் கெடுவும், 500 மெகாவாட் நிலக்கரி யூனிட்டுக்குப் பத்தாண்டுகளாகப் பேச்சுவார்த்தையும் என்றால் மக்கள் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள்.

ரயிலும் பஸ்ஸும்

போக்குவரத்துக்கு 20 சதவீதம் என்பது உலகப் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் குறைவு. அந்தப் பெருமை பெரும்பாலும் ரயிலுக்கே உரியது. 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது; அதுவும் நம் ஹார்பர் பாதையில்தான். நூறாண்டு முன்பே இந்த ஊர் மின்சாரத்தில் பயணம் செய்யப் பழகிவிட்டது. இன்று நாள்தோறும் சுமார் 70 லட்சம் பேர் லோக்கலில் போகிறார்கள். இவர்களில் பத்தில் ஒருவர் ஸ்கூட்டருக்கு மாறினாலே ரோடும் தாங்காது, கணக்கும் தாங்காது.

வெளியே அதிகம் பேசப்படாத மாறுதல் ஒன்று இங்கே நடந்திருக்கிறது. பழைய 1,500 வோல்ட் நேர்மின்சாரத்திலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றும் வேலை மேற்கு ரயில்வேயில் 2012-லும், மத்திய ரயில்வேயின் பிரதான பாதையில் 2015-லும், ஹார்பரில் 2016 ஏப்ரலிலும் முடிந்தது. 2007 முதல் வந்த புதிய ரகப் பெட்டிகள் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. எடுத்ததில் சுமார் 30 சதவீதம் இப்படித் திரும்புகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் வண்டிக்கு இது பெரிய மிச்சம். இதை யாரும் பருவநிலைத் திட்டம் என்று பெயர் வைத்துச் செய்யவில்லை. மின்கட்டணம் குறையட்டும் என்று செய்தார்கள்.

பஸ்ஸின் நிலைமை இப்படிச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெஸ்ட் வண்டிகள் எல்லாவற்றையும் மின்சார வண்டிகளாக மாற்றுவோம் என்கிறார்கள். மின்சார வண்டிகள் வந்தும் இருக்கின்றன. ஆனால் பழைய வண்டிகள் கழிக்கப்படும் வேகத்தில் புதியவை வரவில்லை. ஸ்டாப்பில் நிற்பவருக்கு டீசலா மின்சாரமா என்பது இரண்டாவது கேள்வி. வண்டி வருமா என்பதே முதல் கேள்வி. 2025 மே 9 முதல் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது. குளிர்சாதன வண்டியில் 6-லிருந்து 12. மான்குர்டு ஸ்டேஷனிலிருந்து சீத்தா கேம்ப்புக்கு மூன்று பேர் சேர்ந்தால் ஷேர் ரிக்‌ஷாவே தேவலை என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். இருபது பேர் ஒரு பஸ்ஸில் போவதும் ஏழு ரிக்‌ஷாவில் போவதும் புகைக் கணக்கில் ஒன்றாகாது. பெஸ்டின் நஷ்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை ஏற்றும் கையும், வெப்பவாயுவைக் குறைப்போம் என்று எழுதும் கையும் ஒரே மாநகராட்சியின் கைகள்.

ரூபாயில் ஒரு கணக்கு

2024 ஜூனில் மாநகராட்சி 'பருவநிலை பட்ஜெட்' என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆஸ்லோ, நியூயார்க், லண்டனுக்கு அடுத்தபடியாக உலகில் நான்காவது நகரம் என்று சொல்லப்பட்டது. 2024-25-ஆம் ஆண்டின் மூலதனச் செலவு 31,774 கோடி ரூபாயில் 10,224 கோடி, அதாவது 32 சதவீதம், பருவநிலை தொடர்பான வேலைகளுக்கு என்று அதில் கண்டிருந்தது.

நல்ல முயற்சிதான். ஆனால் ஆஸ்லோ செய்தது சற்று வேறு. நார்வேயின் அந்தத் தலைநகரம் பணத்தை ஒதுக்குவதுபோலவே டன்னையும் ஒதுக்குகிறது. இந்த ஆண்டு நகரம் இத்தனை டன்னுக்கு மேல் போகக் கூடாது, இந்த நடவடிக்கையால் இவ்வளவு குறையும் என்று பட்ஜெட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். மும்பை அறிக்கையில் முன்னே நிற்கும் எண் ரூபாய். ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கும் வேலைகளுக்கு, இது வெள்ளத்துக்கு, இது காற்றுக்கு, இது குப்பைக்கு என்று சீட்டு ஒட்டிப் பார்ப்பது முதல் படி. மழைநீர்க் கால்வாயும் சாக்கடைநீர் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டாமென்று யாரும் சொல்லப்போவதில்லை. 2005 ஜூலை 26-ஐப் பார்த்தவர்கள் சொல்லவே மாட்டார்கள். ஆயினும் கால்வாய் அகலமானால் தண்ணீர் வடியும், நிலக்கரி குறையாது.

வானத்திலிருந்து பார்த்தபோது

இனி அந்த 8 சதவீதத்துக்கு வருவோம். சின்ன இனம் என்று தள்ளிவிடக் கூடாது. மாநகராட்சியின் முழு அதிகாரத்தில் இருப்பது இது ஒன்றுதான். செம்பூர், கோவண்டி, மான்குர்டு மக்களுக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான்.

ஈரக் குப்பை காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம். இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். மாநகராட்சி இதை எப்படி அளக்கிறது? அளப்பதில்லை, வந்து விழும் குப்பையின் எடையையும் அதன் தன்மையையும் வைத்துச் சூத்திரத்தால் கணிக்கிறார்கள். உலகம் முழுவதும் அப்படித்தான்.

2022-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் தலைமையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. செயற்கைக்கோள் மூலம் பியூனஸ் அயர்ஸ், டில்லி, லாகூர், மும்பை ஆகிய நான்கு நகரங்களின் மீத்தேனை அளந்தார்கள். வழக்கமான கணக்குகளில் சொல்லப்படுவதைப்போல் 1.4 மடங்கிலிருந்து 2.6 மடங்கு வரை அதிகம் வருகிறது என்று தெரிந்தது. மும்பையின் ஒரே ஒரு குப்பைமேட்டிலிருந்து மணிக்கு 9.8 டன் மீத்தேன். ஆண்டுக்கு 85,000 டன்.

இதை 28-ஆல் பெருக்கிப் பார்க்கலாம். 23 லட்சத்து 80 ஆயிரம் டன் வருகிறது. மாநகராட்சிக் கணக்கில் மொத்தக் கழிவுக்கும் போட்டிருக்கும் 8 சதவீதம் என்பது சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் டன். அதாவது, வானத்திலிருந்து பார்த்தபோது ஒரு குப்பைமேடே முழு இனத்தையும் மிஞ்சிவிட்டது. செயற்கைக்கோள் பார்ப்பது சில நாட்களின் நிலைமை, அதை ஆண்டு முழுவதற்கும் நீட்டுவதில் கூடக்குறைய இருக்கும், ஆண்டுகளும் ஒன்றல்ல. அப்படித் தள்ளுபடி செய்தாலும், இனத்தின் பெயருக்கு எதிரே 8 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

வழி இல்லாமல் இல்லை. அது அணுசக்தி நகரிலேயே இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உயிரியல் விஞ்ஞானி டாக்டர் ஷரத் காலே உருவாக்கிய 'நிசர்க்ருணா' என்ற கலம், சமையலறைக் கழிவை வாங்கிக்கொண்டு எரிவாயுவும் உரமும் தருகிறது. முதலில் கழிவை அரைத்து, வெயிலில் சூடான வெந்நீரோடு கலந்து, வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும் தொட்டியில் விடுகிறார்கள். பிறகு காற்றுப் புகாத பெரிய தொட்டிக்குப் போகிறது. குப்பைமேட்டில் வானத்துக்குப் போகும் அதே மீத்தேன் இங்கே குழாய் வழியாக அடுப்புக்குப் போகிறது. குடியிருப்புக்கும் ஆராய்ச்சி மையத்துக்கும் அருகிலேயே இது ஆண்டுக்கணக்கில் ஓடிக் காட்டிய முறை. காலேக்கு 2013-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. பட்டம் வந்த அளவுக்குக் கலங்கள் வரவில்லை.

காரணம் இயந்திரம் அல்ல. பிளாஸ்டிக்கும் பிளேடும் கலந்த குப்பையை எந்த நுண்ணுயிரும் தின்னாது. வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும்; பிரித்ததை லாரிக்காரர் மறுபடி ஒன்றாகக் கொட்டாமல் இருக்க வேண்டும். 2017 அக்டோபர் 2 முதல் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் பெரிய சொசைட்டிகள் ஈரக் குப்பையைத் தம் வளாகத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்று மாநகராட்சி விதி செய்தது. சில சொசைட்டிகள் ஒழுங்காகச் செய்கின்றன. பல இடங்களில் உரக்குழி என்று எழுதிய பலகை மட்டும் இருக்கிறது. பிரிக்கும் வேலையைச் சட்டம் சொல்லாமலே செய்து வருபவர்கள் தாராவி 13-ஆவது காம்பவுண்டுத் தொழிலாளர்கள். அவர்கள் உருக்கி மறுபடி உபயோகத்துக்கு அனுப்பும் பிளாஸ்டிக்கால் எத்தனை டன் மிச்சம் என்று அந்தக் கணக்கில் ஒரு வரவு வரி கிடையாது.

தேவ்னாருக்கு வரும் தாராவி

தேவ்னார் குப்பைமேடு 1927-லிருந்து இருக்கிறது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது எழுந்த புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். இப்போது நகரத்துக் குப்பையில் பெரும்பங்கு காஞ்சூர்மார்க்குக்குப் போனாலும், பழைய மலை அப்படியேதான் நிற்கிறது.

2024-ல் மாநில மந்திரிசபை தேவ்னாரில் 124 ஏக்கரைத் தாராவிச் சீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கியது. தாராவியில் 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்கு அத்தாட்சி காட்டுவோருக்கு அங்கேயே வீடு. மற்றவர்களுக்கு வெளியே என்பது ஏற்பாடு. அந்த 'வெளியே' என்பதில் ஒன்று இந்தக் குப்பைமேடு. மாடியில் குடியிருந்தவர்களிலும், 2000-க்குப் பிறகு வந்தவர்களிலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனை என்பது நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலையை அகற்ற 2025 மே மாதம் மாநகராட்சி டெண்டர் கேட்டது. 185 லட்சம் டன் பழங்குப்பை, மதிப்பீடு 2,368 கோடி ரூபாய், தவணை மூன்று ஆண்டு. வகுத்துப் பார்த்தால் லீவே இல்லாமல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17,000 டன் தோண்டிச் சலித்து அனுப்ப வேண்டும். மும்பை முழுவதும் ஒரு நாளில் போடும் புதுக் குப்பையே 7,000 டன்னுக்குள்தான். கிளறும்போது அடியில் அடைபட்ட மீத்தேன் வெளியேறும். கோடையில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சீத்தா கேம்ப், பைங்கன்வாடி, ரஃபீக் நகர் தெருக்கள் வழியாக லாரிகள் இரவு பகலாக ஓடும். அந்த டீசல் போக்குவரத்து இனத்தில் ஏறும். மலை போய்விட்டால் குப்பை இனத்தில் சில லட்சம் டன் இறங்கும்; மாநகராட்சி அதைத் தன் சாதனையாக எழுதிக்கொள்ளலாம். அந்த இடத்தில் எழும் மாடிகளுக்கான சிமெண்டும் இரும்பும் சந்திரபூரிலோ வேறெங்கோ உலையில் வெந்து வருபவை. அந்தப் புகை மும்பைக் கணக்கில் ஏறாது. அவ்வூர்களின் தலையில் ஏறும்.